உள்கால் இருபத்தெட்டரை

சீட்டெடுத்த காசு இருபத்தாறாயிரம்.
சில்லும் இருபத்தாறு என்றார் ஞானசீலன்,
சாதகப் பொருத்தம் சொல்பவர் மாதிரி.
பரந்தனில், ரயில் கடவைக்கு இந்தப் பக்கம்,
தகரத்துக்குக் கீழே ஒன்பது பழைய சைக்கிள்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன.

இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.
இவர் இரவில் அரிசி ஆலைக் காவல்.
நான் பகலில் காமன்ற்ஸ்.
இவர் திரும்பும் ரோட்டால் நான் போகிறேன்.
கணக்குச் சரி, கால்கள்தான் சரியில்லை.
இவர் ஆறடி.
நான் நின்றால் இவருடைய சட்டைப் பொக்கற்றோடு கதைப்பேன்.

"இருபத்தெட்டு எடுங்கோ, கிரவல் ரோட்டுக்கு உருளும்."
ஏறிப் பார்த்தேன். ஏறவில்லை, தொங்கினேன்.
நிலம் எங்கேயோ கீழே கிடந்தது.
"அப்ப இருபத்துநாலு."
இவர் ஏறினார். முழங்கால் ஹாண்டிலில் இடித்தது.
பக்கத்துக் கடையில் வெங்காயம் நிறுத்தவர்
தராசை விட்டுவிட்டுச் சிரித்தார்.

எல்லாரும் சில்லைத்தான் சொல்கிறார்கள்.
சில்லு வண்டியின் அளவு.
ஆளின் அளவு பிறேமில் இருக்கிறது,
பெடல் அச்சிலிருந்து சீற் குழாயின் வாய் வரைக்கும்.
அதை ஒருவரும் எழுதி ஒட்டுவதில்லை.

கைப்பையில் தையல் நாடா கிடந்தது.
ஒரு நாளைக்கு இருநூற்றுப் பத்துக் காற்சட்டைக்கு
உள்கால் மூட்டுகிறேன்.
முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு.
எந்தக் குளிர்நாட்டில் யார் போடுகிறார்களோ,
அவர்களின் கவடு தொடங்கிக் கணுக்கால் வரை எனக்குத் தெரியும்.
என்னுடையது தெரியாது.

செருப்பைக் கழற்றிச் சுவரோடு நின்றேன்.
ஞானசீலனின் கடன் கொப்பியைக்
கவட்டோடு சேர்த்து நேராகப் பிடித்தேன்.
இவர் குந்தியிருந்து நாடாவின் நுனியைக் குதிக்காலில் அழுத்தினார்.
ஞானசீலன் மரியாதையாக ரோட்டைப் பார்த்தார்.
இருபத்தெட்டரை.
பிறகு இவருக்கு. முப்பத்துமூன்று.

கலியாணம் முடித்துப் பதினொரு வருசம்.
எங்களுக்குள் வித்தியாசம் நாலரை இஞ்சிதான்.
நான் கூட என்று நினைத்திருந்தேன்.

சின்னதை எடுப்பம் என்றேன்.
சீற்றை உயர்த்தலாம், பாரைப் பதிக்க ஏலாது.
பதினெட்டு இஞ்சிப் பிறேம், சரிந்த பார்.
இரண்டு காலும் நிலத்தில் முட்ட நின்றேன்,
பாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு இஞ்சிக் காற்று.
கடும்பச்சை. மட்காட்டில் யாரோ வெள்ளைப் பெயின்றால்
"தர்சிகா" என்று எழுதி, பிறகு சுரண்டியிருந்தார்கள்.

ரயரைத் துடைத்து இலக்கத்தை வாசித்தேன்.
இருபத்தாறிலும் இரண்டு வகை.
தடிச்ச வகையின் ரயர் மெல்லிய வகையின் றிம்முக்கு ஏறாது.
இரண்டும் தங்களை இருபத்தாறு என்றுதான் சொல்லிக்கொள்ளும்.
இதில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு மற்றது.
"ஓடத்தானே போகுது" என்றார்.
"ரியூப் வெடிச்சால் ரெண்டு விதமாய் நான் தேட வேணும்" என்றேன்.
இரண்டாயிரம் குறைந்தது.

சீற் கம்பியில் ஆணியால் இரண்டு கீறல் போட்டோம்.
எனக்கு மேலே, இவருக்குக் கீழே.
உயரமானவரின் கீறல்தான் கம்பியில் கீழே வரும்,
கொஞ்சம் யோசித்தால் விளங்கும்.
இவருடையதற்கு ஒரு நூல் கீழே
கம்பெனி அடித்த எல்லைக்கோடு.
அதற்கு மிஞ்சி இவர் வளரக் கூடாது.

இப்போது விடிய ஐந்தே முக்காலுக்கு
முரசுமோட்டை மதகடியில் கைமாற்றம்.
இவர் நட்டை இளக்கிச் சீற்றை இறக்கி இறுக்குவார்.
சீற்றில் இவருடைய சூடு இருக்கும்.
பிள்ளை எழும்பிவிட்டானா என்பார்,
அவ்வளவுதான் கதை.

சில நாள் நித்திரைத் தூக்கத்தில் மறந்துவிடுவார்.
அன்றைக்கு நான் முப்பத்துமூன்றில் போகிறேன்,
பெருவிரல் நுனியால் மிதித்து,
வாய்க்காலுக்கு அங்கால்
யார் யாருடைய வயல் குடலைக்கு வந்துவிட்டது என்று
பார்த்துக்கொண்டு.
நிற்பாட்டத்தான்
தொழிற்சாலைக் கேற்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.